மருந்து எட்டும் தூரம்

'மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்.' பேருந்து நிலையச் சுவரிலும் மின்கம்பத்திலும் ஒட்டியிருக்கும் இந்த நோட்டீஸைப் பார்க்காதவர் தமிழ் ஊர்களில் இருக்க மாட்டார். மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்த ஒருவர் முதலில் நினைப்பதும் மூலத்தைத்தான். வீட்டில் சொன்னால் 'உடம்புச் சூடு, மோர் குடி' என்பார்கள். மருந்துக்கடையில் சொன்னால் அமீபாவுக்கு ஒரு அட்டை மாத்திரை கிடைக்கும். ஒரு வாரம் நின்றது போலிருக்கும், மறுபடி வரும். ரத்தத்தோடு சீதமும், சீதத்தோடு அடிவயிற்றை முறுக்கும் வலியும் சேரும். இப்படியே ஆறு மாதம், ஒரு வருடம் என்று போகும். பிறகு ஒருநாள் யாரோ ஒரு மருத்துவர் ஸ்கோப் விட்டுப் பார்த்து, பெருங்குடலின் உள்சுவர் முழுக்கப் புண்ணாக இருக்கிறது என்பார்.

நோயின் பெயர் அப்போதுதான் காதில் விழும். பெருங்குடலின் உள்தோலை மட்டும் பிடித்துக்கொண்டு, ஆசனவாயிலிலிருந்து மேல்நோக்கி விடாமல் பரவினால் அல்சரேட்டிவ் கொலைடிஸ். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும், திட்டுத்திட்டாக, குடல்சுவரின் முழுத் தடிமனையும் துளைத்துப் போனால் கிரோன்ஸ் நோய். இரண்டுக்கும் பொதுப்பெயர் அழற்சிக் குடல் நோய். அந்த நோட்டீஸில் வரும் பௌத்திரம்கூடச் சிலருக்கு கிரோன்ஸின் முதல் அடையாளமாக இருக்கும். அதை வெறும் பௌத்திரமாக எண்ணி மறுபடி மறுபடி அறுத்துக்கொண்டவர்கள் உண்டு.

புதுச்சேரியின் கதிர்காமத்தில், வழுதாவூர் சாலையில், 2010இல் முதல் மாணவர்களைச் சேர்த்த இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பக்கத்துக் கோரிமேட்டில் ஜிப்மர். 1823இல் பிரெஞ்சு ஆட்சி தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் அதன் வேர். விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைப் பக்கமிருந்து விடியற்காலைப் பேருந்தில் வந்து சீட்டுக்கு வரிசையில் நிற்கும் கூட்டத்தை இந்தப் பகுதிக்காரர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

அந்த வரிசையில் ஒரு இளைஞரை நிறுத்திப் பார்ப்போம். இவர் குறிப்பிட்ட ஒரு ஆள் இல்லை. இந்த நோயோடு நடமாடும் பலரின் நாட்களைச் சேர்த்துப் பிசைந்த உருவம். நேற்று மதியத்துக்குப் பிறகு இவர் ஒன்றும் சாப்பிடவில்லை. பசி இல்லாமல் இல்லை, பேருந்தில் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டுமே என்ற பயம். ஏறியதும் முன்படிக்கட்டுப் பக்கம் இடம் தேடினார். வழியில் எந்த பெட்ரோல் பங்கில் கழிப்பறை திறந்திருக்கும், எந்த ஹோட்டலில் கேட்டால் விடுவார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தோள்பையில் மாற்று உடை ஒன்று, தண்ணீர் பாட்டில் ஒன்று, இறுக மூடிய சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்று.

அந்த டப்பாவில் இருப்பது காலையில் எடுத்த மலம், ஒரு சிறு கரண்டி அளவு. அதில் கால்புரொடெக்டின் என்ற புரதத்தை அளப்பார்கள். குடல்சுவர் வீங்கினால் வெள்ளை அணுக்கள் அங்கே குவியும், அவை உடைந்து இந்தப் புரதம் மலத்தில் கலக்கும். ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 250ஐத் தாண்டினால் உள்ளே நெருப்பு எரிகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு முறையும் நான்கு லிட்டர் வரை பேதி மருந்துத் தண்ணீரைக் குடித்து ஸ்கோப் செய்துகொள்ளும் அவஸ்தையை இந்த டப்பா பெருமளவு குறைத்திருக்கிறது.

போன முறை இவருடைய எண் 40. ஸ்கோப்பிலும் புண் ஆறியிருந்தது. மருத்துவர் மகிழ்ந்தார், மகிழவும் வேண்டும். ஆனால் இந்த முறையும் இவர் பட்டினியோடுதான் பேருந்து ஏறினார். இந்தக் கட்டுரை எழுதப்படுவதற்குக் காரணமே இந்த இடைவெளிதான்.

குடலுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். நம் குடலின் உட்புறத்தை மூடியிருப்பது ஒரே ஒரு உயிரணு தடிமனுள்ள தோல். அதற்கு இந்தப் பக்கம் நம் ரத்தம், அந்தப் பக்கம் கோடானுகோடி பாக்டீரியா. நடுவே வழவழப்பான சளிப்படலம் ஒன்று. பாக்டீரியாவை நம் நோயெதிர்ப்பு அணுக்கள் எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்கும், ஆனால் அடிக்காது. பக்கத்து வீட்டுக்காரரோடு வேலி வழியாக இருக்கும் சமாதானம் போன்றது அது. அழற்சிக் குடல் நோயில் அந்தச் சமாதானம் குலைகிறது. நோயெதிர்ப்பு அணுக்கள் ஓயாமல் தாக்குகின்றன, அந்தத் தாக்குதலில் சொந்தச் சுவரே புண்ணாகிறது. இதோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் 200க்கு மேல் கண்டறியப்பட்டுள்ளன. ஒன்றைச் சரிசெய்தால் போதும் என்று சொல்ல முடியாத நோய் இது.

ஊரும் சூழலும் சேர்ந்துதான் நோயைக் கிளப்புகின்றன என்பதற்கு இங்கிலாந்தின் லெஸ்டர் நகரம் நல்ல சாட்சி. அங்கே குடியேறிய தெற்காசியக் குடும்பங்களை ஆராய்ந்து 1992இல் வெளியிட்டார்கள். ஆய்வுக் குழுவில் பின்னாளில் சென்னை ஸ்டான்லியில் குடல்நோய்த் துறையில் பணியாற்றிய மருத்துவர் வி. ஜெயந்தியும் ஒருவர். ஆண்டுதோறும் புதிதாக அல்சரேட்டிவ் கொலைடிஸ் வருகிறவர்கள் வெள்ளையரில் லட்சத்துக்கு 5.3 பேர், தெற்காசியரில் 10.8 பேர். ஏறக்குறைய இரண்டு மடங்கு! 'வெள்ளைக்காரன் வியாதி' என்று ஒதுக்கிவைத்திருந்த ஒன்று, நம்மவர் போய்க் குடியேறிய இடத்தில் நம்மவரையே கூடுதலாகப் பிடித்தது.

இங்கேயும் அது அரிதாக இல்லை. பஞ்சாபில் வீடுவீடாகச் சென்று 50,000க்கும் மேற்பட்டவர்களை விசாரித்த லூதியானா மருத்துவர் அஜித் சூட் குழு, லட்சத்துக்கு 44.3 பேருக்கு அல்சரேட்டிவ் கொலைடிஸ் இருப்பதாக 2003இல் எழுதியது. இலங்கையில் 2010இல் வெளியான ஆய்வு காட்டிய எண் லட்சத்துக்கு 5.3தான். அது மருத்துவமனைகளில் பதிவானவர்களை வைத்துப் போட்ட கணக்கு, பஞ்சாபில் போட்டது வாசல் வாசலாக நின்று போட்ட கணக்கு. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் பஞ்சாப் எண் ஒன்றைச் சொல்கிறது: தேடிப் போனால் கிடைக்கிறார்கள். தேடாத ஊரில் அவர்கள் மூலக்காரர்களாகவும் வாயுத் தொல்லைக்காரர்களாகவும் இருக்கிறார்கள்.

மருந்தின் கதை 1940களில் சுவீடனில் தொடங்குகிறது. நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் மூட்டுவாதத்துக்காக உருவாக்கிய சல்ஃபாசலசின், கொலைடிஸ் உள்ளவர்களின் வயிற்றையும் அடக்கியது. அதன் வழி வந்த மெசலமின் மாத்திரையும் எனிமாவும் இன்றும் முதல் மருந்து. 1955இல் ஆக்ஸ்ஃபோர்டில் ட்ரூலவ், விட்ஸ் இருவரும் 210 நோயாளிகளை வைத்து ஸ்டீராய்டைச் சோதித்தார்கள். மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 41 பேருக்கு நோய் அடங்கியது, எடுக்காதவர்களில் 16 பேருக்கு மட்டுமே. பல உயிர்களைக் காப்பாற்றிய மருந்து அது, இன்றும் காப்பாற்றுகிறது. அதே மருந்து முகத்தை உப்ப வைக்கும், சுகரை ஏற்றும், எலும்பைக் கரைக்கும், தூக்கத்தைக் கெடுக்கும். கல்யாண வீட்டில் பார்க்கிற அத்தை, 'நல்லாச் சதை போட்டுட்டியே, வேலை கிடைச்ச பூரிப்பா?' என்று கேட்பார். முப்பது நாளாக ஸ்டீராய்டில் இருப்பவர் என்ன பதில் சொல்வார்?

அதற்கடுத்த படி அசதயோபிரின். விலை குறைவு, அதனால் நம் நாட்டில் பலர் நம்பியிருப்பது இதைத்தான். இந்த வகை மருந்துகளை உருவாக்கிய கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிச்சிங்ஸும் 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆனால் ஆசியரில் சிலருக்கு இந்த மாத்திரை தொடங்கிய சில வாரங்களிலேயே தலைமுடி கொத்தாக உதிர்ந்து, வெள்ளை அணுக்கள் சடசடவென்று இறங்கும். காரணம் நுட்-15 என்ற மரபணுவில் உள்ள ஒரு மாறுதல் என்று 2014இல் கொரிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஐரோப்பியரிடம் அரிதான இந்த மாறுதல் இந்தியரிடம் சாதாரணமாகக் காணப்படுகிறது. அங்கே எழுதிய அளவைப் பார்த்து இங்கே மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒரு உதாரணம்.

1998இல் வந்தது இன்ஃப்ளிக்சிமாப். அழற்சியைக் கிளப்பும் டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தேடிப் பிடித்துக் கட்டிப்போடும் எதிர்ப்புரதம் அது. பல வருடப் பௌத்திரம் மூடியது, அறுவைக்கு நாள் குறித்தவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். அதன் பிறகு அடலிமுமாப், வெடோலிசுமாப், மாத்திரையாகவே விழுங்கும் டோஃபாசிடினிப் என்று வரிசையாக வந்தன. 2014 டிசம்பரில் அடலிமுமாபின் உலகின் முதல் ஒப்புமை மருந்தை இந்தியாவில் சைடஸ் கடிலா நிறுவனம் அமெரிக்க விலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தது. அதுவும் ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளத்தைக் கேட்கும் விலையாகத்தான் இருந்தது, ஆனால் கைக்கே எட்டாத நிலை மாறியது.

இத்தனையும் இருந்தும் எத்தனை பேருக்கு முழுதாக அடங்குகிறது? 2010இல் வெளியான சோனிக் ஆய்வில், கிரோன்ஸ் நோயாளிகளுக்கு இன்ஃப்ளிக்சிமாபும் அசதயோபிரினும் சேர்த்துக் கொடுத்தார்கள். 26 வாரம் கழித்து ஸ்டீராய்டு இல்லாமல் நோய் அடங்கியிருந்தவர்கள் நூற்றுக்கு 57 பேர். அடங்காதவர்கள் 43 பேர். 2019இல் வெளியான இன்னொரு ஆய்வு இரண்டு புது மருந்துகளை நேருக்கு நேர் மோதவிட்டது. ஒரு வருடத்தின் முடிவில் அல்சரேட்டிவ் கொலைடிஸ் அடங்கியவர்கள் வெடோலிசுமாப் குழுவில் 31 விழுக்காடு, அடலிமுமாப் குழுவில் 22.5 விழுக்காடு. ஜெயித்த மருந்துகூட மூன்றில் ஒருவர் என்ற அளவை எட்டவில்லை. முதலில் வேலை செய்த மருந்தும் நாளாவட்டத்தில் கைவிடும். இன்ஃப்ளிக்சிமாபின் ஒரு பகுதி எலியின் புரதம் என்பதால் உடம்பு அதை அந்நியமாகக் கண்டு அதற்கே எதிர்ப்புரதம் செய்யும். இந்த மருந்தால் நல்ல பலன் கண்டவர்களில் ஆண்டுக்குச் சுமார் 13 விழுக்காட்டினருக்கு அது எடுபடாமல் போகிறது.

உலகின் மிகச்சிறந்த மருத்துவம் கைவசம் இருந்தும் இது நடக்கும் என்பதற்கு ஜப்பானின் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயைவிட வேறு சாட்சி வேண்டாம். பதின்ம வயதிலேயே அவருக்கு அல்சரேட்டிவ் கொலைடிஸ். பிரதமராகி ஒரே வருடத்தில், 2007 செப்டம்பரில், விலகியபோது நாடு காரணம் தெரியாமல் விழித்தது. பின்னர் அவரே நோயை வெளியே சொன்னார். 2009இல் ஜப்பானுக்கு வந்த மெசலமின் வகைப் புது மருந்து தன்னை மீட்டதாகச் சொல்லி, 2012 டிசம்பரில் மறுபடி பிரதமரானார். 2020 ஆகஸ்ட் 24ஆம் தேதி, இடைவிடாமல் மிக நீண்ட நாள் பதவி வகித்த ஜப்பானியப் பிரதமர் என்ற சாதனையைத் தொட்டார். அன்று அவர் போன இடம் மருத்துவமனை. நான்கு நாள் கழித்து, நோய் திரும்பிவிட்டது, புதிய மருந்து ஒன்றும் சேர்த்திருக்கிறோம், முழு பலத்தோடு வேலை செய்ய முடியாதபோது பதவியில் இருக்கக் கூடாது என்று சொல்லி, விலகுவதாக அறிவித்தார். எட்டு வருடம் ஒரு மாத்திரை ஒரு நாட்டின் தலைவரை நிமிர்த்தி வைத்திருந்தது. பிறகு அதே மாத்திரையால் முடியவில்லை. நடுவே அவர் செய்த தப்பு என்று எதுவும் இல்லை. 'கண்டதைச் சாப்பிட்டிருப்பே, அதான் திரும்ப வந்திருக்கு' என்று வீட்டில் நோயாளியைத் திட்டுகிறவர்கள் இந்தக் கதையை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்தில் இந்தச் சிக்கலுக்கு மேல் இன்னொரு சிக்கல் உட்கார்ந்திருக்கிறது. காசநோய்.

காசம் நுரையீரலில் மட்டும் வருவதில்லை, குடலிலும் வரும். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் முனை அதற்கு விருப்பமான இடம். கிரோன்ஸுக்கும் அதே முனைதான் விருப்பம். இரண்டிலும் வலப்பக்க அடிவயிற்று வலி, எடைக் குறைவு, மாலைக் காய்ச்சல், குடல் சுருங்கி அடைத்துக்கொள்வது. ஸ்கோப்பில் பார்த்தாலும் புண்கள் ஒரே ஜாடை. சதைத் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் இரண்டிலும் கிரானுலோமா எனப்படும் அணுக்களின் சிறு முடிச்சுகள் தெரியும். காசக் கிருமி கண்ணில் பட்டால் கதை முடிந்தது, ஆனால் குடலில் அது பெரும்பாலும் சிக்குவதில்லை.

இந்த முடிச்சை அவிழ்க்க உலகத்துக்கு உதவியவர்களில் வேலூர்க்காரர்களும் உண்டு. சி.எம்.சி. மருத்துவமனையில் அன்னா புலிமூட், பி.எஸ். ராமகிருஷ்ணா, மாத்தன் தம்பதியர் உள்ளிட்ட குழு பழைய சதைத் துணுக்குகளை மறுபடி எடுத்து வைத்து, கிரானுலோமாக்களை எண்ணியும் அளந்தும் பார்த்து 1999இல் எழுதியது. காசநோயில் அவை பெரியவை, நிறைய, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவை, நடுவில் பாலாடைக் கட்டி போல அழுகியவை. கிரோன்ஸில் அவை சின்னவை, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனித்திருப்பவை. நியூயார்க்கில் பரில் கிரோனும் தோழர்களும் 1932இல் இந்த நோயை விவரித்தபோது இப்படி ஒரு கேள்வி தினமும் எழும் ஊரை நினைத்திருக்க வழியில்லை. அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம், பதில் தேடியதும் நம் மண்ணில்.

அந்த அடையாளங்களும் எல்லாத் துணுக்கிலும் கிடைப்பதில்லை. அப்போது மருத்துவர் முன் இருக்கும் வழி, காசநோய் மருந்தையே கொடுத்துப் பார்ப்பது. இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி ஸ்கோப். காசமாக இருந்தால் புண் ஆறத் தொடங்கியிருக்கும். கிரோன்ஸாக இருந்தால் நோயாளிக்கு உடம்பு கொஞ்சம் தேறியது போலிருக்கும், ஆனால் புண் அப்படியே இருக்கும். 'நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு இன்னொரு ஸ்கோப்' என்று தட்டிக் கழிப்பவர்கள் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். காசநோய் மருந்தின் முழு ஆறு மாதமும் கிரோன்ஸ் உள்ளே குடலைச் சுருக்கிக்கொண்டே போகும். பிறகு அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

கிரோன்ஸ்தான் என்று உறுதியானாலும் காசம் விடுவதில்லை. நம்மில் பலருடைய உடம்பில் காசக் கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றி வளைத்துச் சிறை வைத்திருப்பவை அதே கிரானுலோமாக்கள். அந்தச் சிறைச் சுவரை இடியாமல் காப்பது எது தெரியுமா? டி.என்.எஃப்.! குடலை எரிக்கும் அதே புரதம். அதைக் கட்டிப்போடும் ஊசியை ஏற்றினால் குடல் குளிரும், சிறைக் கதவும் திறக்கும். 2001இல் வெளியான அறிக்கை ஒன்று, இன்ஃப்ளிக்சிமாப் எடுத்த 70 பேருக்குக் காசநோய் வந்ததைத் தொகுத்தது. அவர்களில் 48 பேருக்கு மூன்று ஊசிக்குள்ளேயே வந்துவிட்டது. பலருக்கு நுரையீரலைத் தாண்டி உடம்பில் வேறு இடங்களிலும் பரவியிருந்தது. அதனால்தான் இன்று ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்ரே, மாண்டூ, ரத்தப் பரிசோதனை என்று எல்லாம். அவை சுத்தம் என்று சொன்ன பிறகும் நம் நாட்டில் சிலருக்குக் காசம் வருகிறது, ஏனென்றால் பேருந்திலும் வகுப்பறையிலும் புதிதாகவே ஒட்டிக்கொள்ளலாம். லண்டனில் ஒரு மருத்துவர் சட்டென்று எழுதிவிடும் மருந்துச் சீட்டைப் புதுச்சேரியில் ஒரு மருத்துவர் நான்கு முறை யோசித்து எழுதுவதற்கு இதுதான் காரணம். அது தயக்கமென்று தோன்றினாலும் அக்கறைதான்.

சாப்பாடு பற்றிப் பேசாமல் வயிற்று நோயைப் பேச முடியாது. மஞ்சளே மருந்து என்ற நம்பிக்கையில் கொஞ்சம் உண்மை இருக்கிறது: ஜப்பானில் 2006இல் 89 பேரை வைத்துச் செய்த ஆய்வில், மருந்தோடு தினமும் 2 கிராம் குர்குமின் எடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்தது. தில்லி எய்ம்ஸ் குறைந்த அளவில், 450 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தபோது பலனில்லை. குழம்பில் போடும் மஞ்சளில் இருக்கும் குர்குமின் இந்தக் கணக்குக்கே வராது. பழைய சோற்றை ஆராய சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் குடல் அறுவைச் சிகிச்சைத் துறையினர் அரசு நிதியோடு இறங்கியிருப்பது வரவேற்க வேண்டிய விஷயம். நம் சட்டியில் இருப்பதை நாம்தான் சோதிக்க வேண்டும். ஆனால் பழைய சோறு குடிக்கிறேன் என்று அசதயோபிரினை நிறுத்தியவர், மூன்று மாதம் கழித்து ரத்தம் ஏற்றும் வார்டில் படுத்திருப்பார்.

எய்ம்ஸ் செய்த இன்னொரு காரியம் இதைவிடச் சுவையானது. 2022இல் வெளியான அந்த ஆய்வில், கிராமங்களில் வாழும் ஆரோக்கியமான பலரிடமிருந்து மலம் பெற்று, அதைக் கரைத்து வடிகட்டி, கொலைடிஸ் நோயாளிகளின் பெருங்குடலில் வாரம் ஒரு முறையாக ஏழு முறை ஸ்கோப் வழியே செலுத்தினார்கள். கூடவே அழற்சியைக் குறைக்கும் உணவுத் திட்டம். எட்டாவது வாரத்தில் இந்தக் குழுவில் 60 விழுக்காட்டினருக்கு நோய் அடங்கியது. வழக்கமான மருந்தை மட்டும் தொடர்ந்த குழுவில் 32 விழுக்காடு. படித்துவிட்டு முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம். நோயாளிகள் சுளிக்க மாட்டார்கள். நகரத்துக் குடல் தொலைத்த எதையோ கிராமத்துக் குடல் இன்னும் வைத்திருக்கிறதா? லெஸ்டரில் தொடங்கிய கேள்வி இங்கே வந்து சேர்கிறது. ஆய்வு சிறியது, பங்கேற்றவர்கள் 66 பேர்தான். வீட்டில் செய்து பார்க்கிற காரியம் நிச்சயம் இல்லை, கிருமி தொற்றி உயிருக்கே ஆபத்தாகும்.

மருந்து எல்லாம் கைவிட்டால் அறுவை. கொலைடிஸில் பெருங்குடலையே எடுத்துவிட்டால் நோய்க்கு இடமில்லை. முன்பெல்லாம் வயிற்றில் துளை போட்டு வாழ்நாள் முழுக்கப் பை மாட்ட வேண்டும். 1978இல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் ஆலன் பார்க்ஸும் ஜான் நிக்கல்ஸும் சிறுகுடலையே மடித்துத் தைத்துப் பை போலாக்கி ஆசனவாயோடு இணைத்தார்கள். பலருக்கு அது பெரிய விடுதலை. அதன் பிறகும் நாளைக்கு ஐந்தாறு முறை போக வேண்டியிருக்கும், அந்தப் பையிலும் அழற்சி வரலாம். கிரோன்ஸிலோ வெட்டி இணைத்த இடத்திலேயே நோய் மறுபடி முளைக்கும்.

இனி, கால்புரொடெக்டின் 40 காட்டிய நம் இளைஞரிடம் திரும்பலாம். எண் நல்லபடியாக இருக்கிறதே, ஏன் பட்டினி?

குடல் ஆறிய பிறகும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வயிற்று வலியும் அவசரமும் தொடர்கின்றன. பல மாதம் எரிந்த குடலின் நரம்புகள், எரிச்சல் நின்ற பிறகும் சின்ன அசைவைக்கூடப் பெரிதாக அறிவிக்கின்றன. மலக்குடல் புண்ணாகி ஆறும்போது விரியும் தன்மையை இழக்கிறது, கொஞ்சம் சேர்ந்தாலே தாங்காது. சோர்வு இன்னொன்று. நோய் அடங்கியவர்களிலும் பாதிப் பேருக்கு அது இருக்கிறது. ரத்தம் போனதில் இரும்புச்சத்து வற்றியிருக்கலாம். அழற்சி இருக்கும்போது உடம்பு மாத்திரை இரும்பைச் சரியாக உறிஞ்சாது, பலருக்கு ரத்தக்குழாய் வழியாக ஏற்ற வேண்டியிருக்கும். இரும்பு சரியான பிறகும் சிலருக்குச் சோர்வு விடாது. காலையில் எழும்போதே ஒரு நாள் உழைத்து முடித்த மாதிரி இருக்கிறது என்பார்கள். வெளியே பார்க்க ஆள் நன்றாக இருப்பார், அதனால் அலுவலகத்தில் சோம்பேறிப் பட்டம் கிடைக்கும்.

இதற்கெல்லாம் பெயர் வைக்கச் சட்டத்துக்கும் இன்னும் தெரியவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அழற்சிக் குடல் நோய் அதில் இல்லை. மூன்று மணி நேரத் தேர்வில் இரண்டு முறை எழுந்து போக வேண்டிய மாணவி, தன் வயிற்றைப் பற்றி அந்நியக் கண்காணிப்பாளரிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது. பிரிட்டனில் நோயாளிகள் சங்கம், 'காத்திருக்க முடியாது' என்று எழுதிய ஒரு அட்டையைக் கொடுக்கிறது. கடையில் அதைக் காட்டினால் பெரும்பாலும் கழிப்பறையைத் திறந்துவிடுவார்கள். புதுச்சேரி, தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் அப்படி ஒரு அட்டைக்கு முன்னால் வேண்டியது, தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வரும் கழிப்பறை. நான்கு மணி நேரம் நிற்காமல் ஓடும் பேருந்து பத்து நிமிடம் நிற்கும் ஒரு இடம். இதற்கு எந்த ஊசியும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

கல்யாணம் இன்னொரு மதில். 'வயித்துக் கோளாறு'ன்னு மட்டும் சொல்லுங்க, ஊசி போடறதைச் சொல்ல வேண்டாம் என்று பெண் வீட்டிலும் பிள்ளை வீட்டிலும் தீர்மானிப்பார்கள். பிறகு மருந்தை மறைத்துச் சாப்பிட வேண்டும், மறைத்துச் சாப்பிடும் மருந்து விட்டுப்போகும். உண்மையில், நோய் அடங்கியிருக்கும் காலத்தில் கருவுற்றால் பெரும்பாலோருக்கு நல்லபடியாகவே பிரசவம் ஆகிறது. மெதோட்ரெக்சேட் போன்ற சிலவற்றைத் தவிர, மருந்தை நிறுத்துவதுதான் தொடர்வதைவிட ஆபத்து. இதை மாமியாருக்கும் சேர்த்து ஒருவர் உட்கார்ந்து சொன்னால் பாதி பயம் போய்விடும். அப்படி உட்கார்ந்து சொல்ல, நூறு பேர் நிற்கும் ஓ.பி.யில் மருத்துவருக்கு நேரம் கிடைப்பதில்லை. பயிற்சி பெற்ற ஒரு செவிலியர் இருந்தால் போதும், வெளிநாடுகளில் பல மருத்துவமனைகளில் இந்த நோய்க்கென்றே அப்படி ஒருவர் இருக்கிறார். நம் அரசு மருத்துவமனைகளுக்கு அடுத்து எதை வாங்கிக் கொடுக்கலாம் என்று யோசிப்பவர்கள், இன்னொரு ஸ்கோப்புக்கு முன் இந்த நாற்காலியை நினைக்கலாம்.

ஊசி வீட்டுக்குக் கொண்டுபோகும் மருந்தாக இருந்தால் அதற்கும் ஒரு கதை உண்டு. அடலிமுமாபை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறையவும் கூடாது. மே மாதப் புதுச்சேரி வெயிலில், மருந்துக்கடையிலிருந்து வீடு வரை, பிள்ளையின் பழைய டிபன் பையில் ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி நடுவில் ஊசியை வைத்து எடுத்துப் போவார்கள். வீட்டில் ஃபிரிட்ஜின் கதவுத் தட்டில் வைக்கக் கூடாது, அடிக்கடி திறந்து மூடுவதால் சூடு ஏறும். நடுத்தட்டில், காய்கறிக்கு மேலே, மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், 'தொடாதே' என்று ஒட்டிய ஒரு சின்ன டப்பா. கரண்ட் போனால் வீடு முழுக்க அந்த டப்பாவைப் பற்றித்தான் கவலை.

நம் இளைஞருக்குப் போடுவது இன்ஃப்ளிக்சிமாப், அதனால் அவருக்கு அந்தக் கவலை இல்லை. எட்டு வாரத்துக்கு ஒரு முறை வந்து, இரண்டு மணி நேரம் கையில் ஊசியோடு படுத்திருக்க வேண்டும். டப்பாவை ஆய்வகத்தில் கொடுத்துவிட்டார். மருத்துவர் கோப்பைப் புரட்டி எண்களைப் பார்த்துவிட்டு, 'ராத்திரி எத்தனை தடவை எழுந்தீங்க?' என்றார். 'ஒரு தடவை' என்றார் இவர். 'போன தடவை?' 'மூணு.' மருத்துவர் அதையும் கோப்பில் எழுதிக்கொண்டார். 'சாப்பிட்டீங்களா?' இவர் பதில் சொல்லவில்லை. மருத்துவர் பேனாவை மூடிவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்தார்.

ஊசி ஏறி முடிந்தபோது மணி இரண்டு. சீட்டில் அடுத்த தேதி எழுதியிருந்தது. அது தங்கை கல்யாணத்துக்கு முந்தின வாரம் என்று இவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். வழுதாவூர் சாலைக்கு வந்து, இட்லி மட்டும் இருக்கும் கடையாகப் பார்த்து, இரண்டு இட்லி வாங்கி, சட்னி வேண்டாம் என்று சொல்லி, நின்றபடியே மெல்ல மெல்லச் சாப்பிட்டார். விழுப்புரம் பேருந்துக்கு இன்னும் அரை மணி இருந்தது.